தீட்ட வேண்டாம்

தோம்ஸ்கில் அன்று நாற்பத்தொன்று.
கழித்தல் குறியை இங்கே யாரும் சொல்வதில்லை,
ஜனவரியில் அது எண்ணோடு ஒட்டியே வரும்.
சம்பளம் பார்த்து ஐந்து மாதம்.
ஆனாலும் எட்டு மணிக்கெல்லாம்
ரினாத் பம்பை ஓடவிட்டிருந்தான்.
எண்ணெய் சூடேறும் வாசனைதான்
அந்த வருடம் எங்கள் காலை உணவு.

கலத்துக்குள் ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லாமையைச் சேர்க்கத்தான்
மூன்று மணி நேரம்.
பிறகு
டைட்டானியத் துண்டின் முகத்தில் ஒரு பொறி.
பொட்டளவு நெருப்பு,
இருக்க இடம் கொள்ளாமல் அலையும்;
நின்ற இடமெல்லாம் குழி,
குழியிலிருந்து ஆவி,
ஆவி அங்கேயே அயனியாகி
வாசல் தேடும்.

மற்ற ஊர்களில்
மைக்ரோ ஆம்பியரில் எண்ணிக்கொண்டிருந்தார்கள்,
குன்றிமணி வைத்துத் தங்கம் நிறுப்பது போல.
நாங்கள் கேட்டது அரை ஆம்பியர்.
தூறல் போதாது, கொட்ட வேண்டும் என்றோம்.
கொட்டக் கேட்டவனுக்குக் கூரையும் ஒழுகும்.
வலை உருகியது.
பீங்கான் விரிந்து இரண்டானது.
அறுபதாயிரம் வோல்ட்
தன் வழியை விட்டுக் குறுக்கே பாயும்போது
சாட்டை சொடுக்கும் சத்தம்;
கீழ்த்தளத்தில் கணக்கு பார்க்கும் கப்பித்தோலினா
வெந்நீர்க் குழாயைக் கரண்டியால் தட்டித் திட்டுவாள்.
குறிப்பேட்டில் என் கையெழுத்தில்
நூற்றுப் பதினேழு வரிக்கு ஒரே சொல்: "உடைவு."
நூற்றுப் பதினெட்டில் ரினாத்:
"ஓடுகிறது. யாரும் தும்ம வேண்டாம்."

சுலிம் ஆற்றங்கரை மர ஆலை
பன்னிரண்டு வாள்தகடு அனுப்பியது.
கூலி நான்கு மூட்டை உருளைக்கிழங்கு,
ஒரு வாளி பைன் கொட்டை.
ஒரு வாரம், இரவும் பகலும்,
பல்லுக்குப் பல் சுட்டோம்.
ஒரு தலைமயிரின் தடிமனை
எழுநூறு கூறு போட்டால் அதில் ஒன்று:
அவ்வளவுதான் அயனி உள்ளே போகும் ஆழம்.
வெளியே எடுத்துப் பார்த்தால்
போன தகடேதான் வந்திருக்கிறது.
நிறம் இல்லை, மினுக்கம் இல்லை.
சத்தியம் செய்ய ஒரு வரைபடம் மட்டும்.

பிப்ரவரியில் கடிதம்:
"வித்தியாசம் தெரியவில்லை. மூட்டைகளைத் திருப்பவும்."
இரண்டு மூட்டை ஏற்கெனவே எங்கள் எலும்பில்.

நான் ரயிலேறினேன்.
சாணைக்காரர் தெரெந்தி
கை துடைத்து, வரவேற்று,
ஒவ்வொரு தகடாக வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார்.
"வந்ததை வந்தபடி மாட்டுறதுக்கு
நான் என்ன நேத்தா பொறந்தேன்?
பதினொண்ணையும் என் கையாலேயே தீட்டினேன்,
பார், அக்லாயா, தொட்டுப் பார்."

சாணைக் கல்லின் கீழே
சாம்பல் நிறத்தில் ஒரு சிறு குவியல்.
எங்கள் ஜனவரி முழுவதும்
அங்கே கிடந்தது.
விரலால் தொட்டேன், கறுப்பாக ஒட்டியது.
நல்ல கூர் என்றேன்.
நல்ல கூர்தான்.

பன்னிரண்டாவது?

அவர் முகம் சுளித்தது.
"அன்னிக்கு எனக்குக் காய்ச்சல்.
அந்தச் சோம்பேறி கெர்மான் அப்படியே மாட்டிட்டான்.
மூணு வாரம் ஆச்சு,
இன்னும் தீட்டக் கொண்டு வரலை.
கேட்டா, அது பாட்டுக்கு அறுக்குதுங்கறான்.
இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு
ஆயுதத்து மேல மரியாதை எங்கே?"

அடுத்த பெட்டியின் மேல்
சிவப்புப் பெயின்டில் ரினாத் பெரிதாக எழுதினான்:
தீட்ட வேண்டாம்.
அதைத் தன்னைச் சொன்னதாகவே
தெரெந்தி எடுத்துக்கொண்டாராம்.
பெட்டி அவர் அறை மூலையில்
ஆணி கழற்றாமல் இருப்பதாகக் கேள்வி.

நாங்கள் இப்போது ஒரு ஆம்பியர் கேட்கிறோம்.
நூற்றுப் பத்தொன்பதாவது வரி:
உடைவு.
கீழே குழாயில் கரண்டிச் சத்தம்.